வளவு வெயிலும் மணவறை விளக்கும்: நிக்கான் டி850, கேனான் 5டி மார்க் 4 ஓர் அலசல்

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கல்யாணப் படம் எடுத்தவர்களுக்கு அந்த வெளிச்சம் படுத்தும் பாடு தெரியும். காலை பத்து மணி வெயில் வளவு என்னும் திறந்த முற்றத்தில் இறங்கிக் கண்ணைக் கூசவைக்கும். நாலடி தள்ளித் தாழ்வாரத்தில் பர்மாத் தேக்குத் தூண்கள் கருகருவென்று நிற்கும். மாப்பிள்ளை வெள்ளை வேட்டியோடு முற்றத்து ஓரத்தில் நிற்பார். அவருடைய அப்பத்தா தூணுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்திருப்பார். இருவரும் ஒரே படத்தில் வேண்டும். வேட்டிக்கு ஒளி அளவு வைத்தால் அப்பத்தா இருளில் கரைந்துவிடுவார். அப்பத்தாவுக்கு அளவு வைத்தால் வேட்டி மடிப்பும் கரையும் இல்லாமல் வெளுத்துவிடும்.

இந்த மாதிரி ஓர் இடத்தில் நிக்கான் டி850 கேமராவையும் கேனான் 5டி மார்க் 4 கேமராவையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்தபோதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறைத்தது. அதுவரை இரண்டையும் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம் கட்சிப் பேச்சு.

கேனான் 2016 ஆகஸ்டில் அறிமுகமானது; நிக்கான் அடுத்த ஆண்டு அதே மாதத்தில். இரண்டும் ஃபுல் ஃபிரேம், அதாவது பழைய 35 மிமீ ஃபிலிம் கட்டத்தின் அளவில் ஒளியைப் பதியும் சென்சார் கொண்டவை, இரண்டும் நொடிக்கு 7 படம் எடுப்பவை. 2018இல் இரு நிறுவனங்களும் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) ஃபுல் ஃபிரேம் கேமராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. ஆனால் சின்ன ஊர் ஸ்டூடியோக்களில் இன்றும் இந்த இரண்டும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கைமாறி வரும் விலையில் முதல் ஃபுல் ஃபிரேம் வாங்க நினைக்கும் இளைஞர்கள் கடைசியில் வந்து நிற்பதும் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான். என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது: வித்தியாசம் உண்மையில் பெரியது, ஆனால் அது எல்லா வெளிச்சத்திலும் வெளிப்படாது. நீங்கள் எந்த வெளிச்சத்தில் பிழைக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முற்றத்துக்கே வருகிறேன். வேட்டியின் வெள்ளை வெளுக்காத அளவுக்கு வைத்து, இரண்டிலும் ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவாக எடுத்தேன். ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண், நிக்கானில் 64, கேனானில் 100. அவையே அந்தந்தக் கேமராவின் அடிப்படை அளவுகள். வீட்டுக்கு வந்து திரையில் நிழல் பகுதியின் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் தூக்கினேன் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). அதுவரை எது எந்தக் கேமரா என்று சொல்ல முடியவில்லை. நான்கு ஸ்டாப் தூக்கியதும் கதை மாறியது. அப்பத்தா உடுத்தியிருந்தது கண்டாங்கிச் சேலை. அரக்கிலும் கறுப்பிலும் கட்டம் போட்டது. நிக்கான் கோப்பில் அரக்குக் கட்டமும் கறுப்புக் கட்டமும் தனித்தனியே பிரிந்து நின்றன, இரண்டையும் பிரிக்கும் நூல்கூடத் தெரிந்தது. கேனான் கோப்பிலும் கட்டங்கள் வந்தன. ஆனால் கறுப்பின் மேல் மணல் தூவியதுபோல் இரைச்சல், அதற்குள் லேசான ஊதாச் சாயல். தூணின் செதுக்கு வேலை நிக்கானில் மரமாக இருந்தது. கேனானில் அது மரத்தின் நிறத்தில் ஒரு சொரசொரப்பாகத்தான் இருந்தது.

இதற்குக் காரணம் மந்திரமில்லை. ஐஎஸ்ஓ 64இல் அந்தச் சென்சார், வெள்ளை வெளுப்பதற்குமுன், ஐஎஸ்ஓ 100ஐவிட மூன்றில் இரண்டு ஸ்டாப் அதிகமான ஒளியை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அதிகமாக வாங்கிய ஒளிதான் நிழலில் சுத்தமாகத் தெரிகிறது. சென்சார்களைச் சோதித்து எண் தரும் டிஎக்ஸ்ஓமார்க் அளவீட்டில் டி850இன் டைனமிக் ரேஞ்ச், அதாவது வெள்ளை முதல் நிழல் வரை ஒரே படத்தில் பிடிக்கும் வீச்சு, 14.8 ஸ்டாப், 5டி மார்க் 4இன் அளவு 13.6. ஆக 1.2 ஸ்டாப் இடைவெளி. அதில் பாதிக்கு மேல் அந்த 64 கொடுத்தது. முக்காலி வைத்தோ வெயிலிலோ எடுக்கிறவர்களுக்கு இது கைக்கு எட்டும் லாபம்.

கேனானுக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். ‘கேனானில் நிழலைத் தூக்கினால் கோடு கோடாக வரும்’ என்பது 2012இல் வந்த 5டி மார்க் 3 காலத்துப் புகார். அதன் டைனமிக் ரேஞ்ச் 11.7 ஸ்டாப்தான். மார்க் 4இல், ஒளியை எண்ணாக மாற்றும் சுற்று சென்சாரின் உள்ளேயே வந்துவிட்டது, கோடுகளும் போய்விட்டன. பழைய புகாரைப் புதிய கேமராவின் தலையில் கட்டுவதை இன்றும் கேட்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

இனி மணவறைக்கு வாருங்கள். விடிகாலை முகூர்த்தம். ஹோமப் புகை, மேலே மஞ்சள் விளக்கு, பக்கவாட்டில் வீடியோக்காரரின் வெள்ளை எல்ஈடி, பின்னால் பூ அலங்காரத்துக்குள் செருகிய சின்ன விளக்குகள். கெட்டிமேளம் ஒலித்ததும் சுற்றிலும் கைகள் உயர்கின்றன, அட்சதை பறக்கிறது, மூன்று முடிச்சும் விழுந்துவிடுகிறது. இங்கே யாரும் ஐஎஸ்ஓ 64இல் எடுக்க முடியாது. 3200, சில மண்டபங்களில் 6400.

அந்த உயரத்துக்குப் போனபின் முற்றத்தில் பார்த்த இடைவெளி மறைந்துவிடுகிறது. டிஎக்ஸ்ஓமார்க் குறைந்த ஒளிக்குத் தரும் எண்ணில் கேனான் 2995, நிக்கான் 2660. ஸ்டாப் கணக்கில் ஆறில் ஒரு பங்குதான் வித்தியாசம், அதுவும் கேனான் பக்கம். கண்ணுக்கு இது தெரியாது. முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தால் நிக்கானில் இரைச்சல் அதிகம்போல் தோன்றும். அதன் பிக்சல் 4.35 மைக்ரான், கேனானுடையது 5.36 மைக்ரான். ஆனால் இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கி அச்சிட்டால் அந்த வேறுபாடு அடங்கிவிடும். ஒரு பிக்சலோடு ஒரு பிக்சலை ஒப்பிடுவதுதான் இந்த விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு. ஆல்பத்தைப் புரட்டும் மாமியார் பார்ப்பது படத்தை.

மணவறையில் படத்தைக் கெடுப்பவை வேறு. முதலாவது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கியும் வருவது அதனால்தான். துடிப்பைக் கண்டறிந்து உச்சத்தில் ஷட்டரைத் திறக்கும் வசதி இரண்டு கேமராக்களிலும் இருக்கிறது. மெனுவுக்குள் போய் அதை இயக்கிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, சிவப்பு. அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை மஞ்சள் விளக்கில் நிற்கும்போது, சென்சார் பதியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களில் சிவப்பு மட்டும் மற்ற இரண்டுக்கும் முன்பே நிரம்பி வழிந்துவிடும். ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை ஒற்றை வெள்ளையாக வைத்திருந்தால், எல்லாம் சரி என்றே காட்டும். வீட்டில் திறந்து பார்த்தால் புடவையின் மடிப்புகள் ஒட்டிப்போய் ஒரே சிவப்புத் தகடாக இருக்கும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும்படி வைத்துக்கொண்டு, சிவப்பு வலது ஓரத்தை முட்டாமல் அரை ஸ்டாப், முக்கால் ஸ்டாப் குறைத்து எடுப்பேன். பிறகு தூக்கும்போது நிக்கான் கொஞ்சம் கூடுதலாக இடம் கொடுக்கும். ஆனால் 3200இல் அந்தக் கூடுதல் மிகச் சிறியது.

ஒருமுறை மாலை மாற்றும் நேரத்தில் ஃப்ளாஷ் அடிக்கவில்லை. மதிய வரவேற்பு முடிந்ததும் அதன் பாட்டரியை மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. படம் மூன்று ஸ்டாப் இருட்டு. கையில் இருந்தது டி850, ஐஎஸ்ஓ 400. தூக்கி எடுத்த படம் ஆல்பத்தின் நடுப்பக்கத்துக்குப் போனது. கேனானிலும் காப்பாற்றியிருக்கலாம், ஆனால் நடுப்பக்கத்துக்குக் கொடுக்க எனக்குத் துணிவு வந்திருக்காது.

தோல் நிறத்தில் நான் கேனான் பக்கம். மாநிறத்தையும் கறுப்பையும் அது இளஞ்சூட்டோடு காட்டுகிறது. கேமராவே பதப்படுத்தித் தரும் ஜேபெக் கோப்பை அப்படியே ஆல்பம் வடிவமைப்பவரிடம் கொடுத்துவிடலாம். பழைய நிக்கான்களில் முகத்தில் ஏறும் மஞ்சள் பச்சைச் சாயல் டி850இல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. என்றாலும் குழல்விளக்கின் அடியில் அது இன்னும் எட்டிப் பார்க்கும். ரா கோப்பில் வேலை செய்கிறவர்கள் நிற அட்டையை ஒருமுறை படம் பிடித்து, தங்கள் கேமராவுக்கென்று ஒரு நிற ப்ரொஃபைல் செய்துகொண்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். நாலாயிரம் படத்தை நாலு நாளில் ஒப்படைக்க வேண்டிய ஸ்டூடியோவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அங்கே கேனானின் ஜேபெக்தான் சோறு போடும்.

மெகாபிக்சல் கணக்கில் 45.7க்கும் 30.4க்கும் நடுவே மலைபோல் இடைவெளி தெரியும். நீளவாக்கில் பார்த்தால் 8256 பிக்சலும் 6720 பிக்சலும்; 23 சதவீதம்தான் அதிகம். நம் ஊர் ஆல்பத்தின் விரித்த பக்கம் 36 அங்குலம். நிக்கான் படம் அங்குலத்துக்கு 229 புள்ளி கொடுக்கும், கேனான் 187. கையில் வைத்துப் பார்க்கும் தூரத்தில் இரண்டும் போதும். பெண்ணின் நெற்றிச்சுட்டியை மட்டும் வெட்டியெடுத்து ஒரு பக்கம் முழுக்கப் போடுவதென்றால், நகைக்கடை விளம்பரத்துக்கு ஒட்டியாணத்தின் கல் ஒவ்வொன்றும் தெரியவேண்டுமென்றால், அங்கே நிக்கானுக்கு ஈடில்லை. ஆனால் டி850இல், நுண்ணிய கோடுகளை லேசாக மழுப்பும் லோ-பாஸ் வடிகட்டி கிடையாது. நெருக்கமாக நெய்த பட்டிலும் மெல்லிய சட்டைக் கோட்டிலும் வானவில் அலைபோல் மொய்ரே தோன்றும் வாய்ப்பு அதில் அதிகம். புடவைக் கடைக்குப் படம் எடுக்கிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். ஓரடி முன்னே பின்னே நகர்ந்தால் பெரும்பாலும் விலகிவிடும். சின்னப் பிக்சல் கை நடுக்கத்தையும் காட்டிக்கொடுக்கும். 85 மிமீ லென்ஸில் கேனானுக்கு 1/125 நொடி ஷட்டர் வேகம் போதுமென்றால், நிக்கானுக்கு 1/200 வைப்பது என் வழக்கம். கோப்பும் கனம்: ஒரு ரா கோப்பு சுமார் 50 எம்பி, கேனானில் சுமார் 37.

இவ்வளவும் குவியம் (ஃபோகஸ்) சரியாக விழுந்தால்தான். இவை போன்ற கண்ணாடி உள்ள கேமராக்களில் குவியம் பார்க்கும் சென்சார் தனி, படம் பதியும் சென்சார் தனி. இரண்டுக்கும் இம்மி பிசகினால், லென்ஸ் துளையை அகலத் திறந்த எஃப் 1.4இல் கண்ணுக்குப் பதில் காதோரம்தான் கூர்மையாக வரும். 45 மெகாபிக்சலும் அங்கே வீண். டி850 அந்தப் பிசகைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் வசதி தருகிறது. 5டி மார்க் 4இல் கையால்தான் திருத்த வேண்டும். ஆனால் பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது நிலைமை தலைகீழ்: கேனானின் டூயல் பிக்சல் முறை சட்டென்று முகத்தைப் பிடிக்கும், நிக்கான் முன்னும் பின்னும் தடவித்தான் நிற்கும்.

பகலில் வீட்டுக் கல்யாணம், வெளிப்புறப் படம், நகை, கட்டடம் என்று இருப்பவர்கள் டி850 வாங்கலாம். மண்டபமே கதி என்றால் 5டி மார்க் 4 எந்த விதத்திலும் குறைந்ததல்ல. மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல லென்ஸ் வாங்கினால் படம் இன்னும் தேறும். கைமாறிய கேமராவாக வாங்கும்போது ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள்: நிக்கானின் ஷட்டர் 2,00,000 முறைக்கும் கேனானின் ஷட்டர் 1,50,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. பிறகு துளையைச் சுருக்கி எஃப் 16இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, சென்சாரில் படிந்த கறைகளைப் பாருங்கள். கடையின் இருட்டு மூலை ஒன்றை அடிப்படை ஐஎஸ்ஓவில் ரா கோப்பாக எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அதை நான்கு ஸ்டாப் தூக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.