வியாழனில் ரெஜிஸ்டர் அவுட்: ஏஎஸ்ஐ 678எம்சி கேமராவோடு ஏழு மாதம்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ராத்திரி. காலண்டர் சீசன் என்பதால் கீழே அச்சகத்தில் நைட் ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் தொலைநோக்கி வைத்து எடுத்த வியாழன் படத்தை லேப்டாப்போடு இறக்கிக்கொண்டு போய் எங்கள் மெஷின்மேனிடம் காட்டினேன். நாலு வார்த்தை பாராட்டுவார் என்று ஒரு நப்பாசை. அவர் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து அச்சுப் புள்ளி பார்க்கும் பூதக்கண்ணாடியை, எங்கள் பாஷையில் லூப்பை, எடுத்துத் திரையில் வைக்கப் போனார், சிரித்துக்கொண்டே மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார். "ரெஜிஸ்டர் அவுட் அண்ணாச்சி" என்றார். நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் விலகி நிற்பதை அச்சகத்தில் அப்படிச் சொல்வோம்.

சரியாகத்தான் சொன்னார். வியாழனின் ஒரு ஓரத்தில் நீலக் கோடு, எதிர் ஓரத்தில் சிவப்புக் கோடு. சிவகாசியில் முப்பது வருஷமாக நாலு கலரை ஒன்றின்மேல் ஒன்று உட்கார வைத்துப் பிழைப்பு நடத்துகிற எனக்கே அது தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. வியாழன் அப்போது கிழக்கே இருபது டிகிரி உயரத்தில்கூட ஏறவில்லை. கோள் தாழ்ந்து நிற்கும்போது காற்று மண்டலம் முப்பட்டகம் மாதிரி வேலை செய்து நிறங்களைப் பிரித்துவிடும். கேமராவின் மேல் ஒரு குற்றமும் இல்லை. வீடியோவின் ஃப்ரேம்களை அடுக்கி ஒரே படமாக்கும் ஆட்டோஸ்டேக்கர்ட் மென்பொருளில் மூன்று நிறங்களையும் தனித்தனியே நகர்த்திப் பொருத்த ஒரு வசதி உண்டு. அதை டிக் செய்ததும் படம் சரியானது. மெஷினில் இப்படி ஒரு பொத்தான் இருந்தால் எத்தனை ரீம் மிச்சமாகியிருக்கும்!

இந்த இசட்டபிள்யூஓ ஏஎஸ்ஐ 678எம்சி கேமராவை ஆடி பதினெட்டுக்கு காலண்டர் ஆல்பம் வெளியிட்ட கையோடு வாங்கினேன். சுங்கம், ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தை ஒட்டி வந்தது. கையில் எடுத்தால் சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன உலோக டப்பா, உள்ளே சோனி ஐஎம்எக்ஸ் 678 சென்சார். சென்சாரின் அளவு 7.7க்கு 4.3 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் பெரிது. அதற்குள் 3840க்கு 2160 பிக்சல், ஒவ்வொன்றும் 2 மைக்ரான். நான் இதை வாங்கியதே அந்த 2 மைக்ரானுக்காகத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து ஐந்தால் பெருக்கினால் தொலைநோக்கியின் எஃப் எண் (குவியத்தூரத்தை வாயின் அகலத்தால் வகுத்தது) எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வரும். கோள்களைப் படம் எடுப்பவர்கள் எல்லாரும் கைக்கணக்காக வைத்திருப்பது இது. என்னிடம் இருப்பது வாய் 127 மில்லிமீட்டர் உள்ள மக்சுடோவ் வகைத் தொலைநோக்கி, குவியத்தூரம் 1500, அதாவது எஃப் 11.8. முன்பு வைத்திருந்த செகண்ட்ஹேண்ட் கேமராவில் பிக்சல் 3.75 மைக்ரான். அதற்கு எஃப் 19 வேண்டும், ஆகவே நடுவில் எஃப் எண்ணைக் கூட்ட ஒரு பார்லோ லென்ஸ். பார்லோ போட்டால் குழாயின் வால் நீளும், ஃபோகஸ் திருகைத் தொட்டாலே எல்லாம் தலையாட்டும், கோள் திரையை விட்டு ஓடும். 678க்கு வேண்டியது எஃப் 10. என் குழாயில் அப்படியே செருகினேன், சரியாக இருந்தது. பார்லோ இப்போது மேஜை டிராயரில் ஸ்டேப்ளர் பின்னோடு கிடக்கிறது.

இந்தப் பொருத்தத்தில் ஒரு பிக்சல் வானத்தில் 0.275 விகலை (ஒரு டிகிரியில் 3600 விகலை). என் குழாயின் பிரித்துக் காட்டும் திறன் 0.9 விகலைதான். ஆகவே அதன் கடைசி மூச்சு வரை கேமரா உறிஞ்சிவிடுகிறது. இதற்குமேல் பெருக்கினால் படம் பெரிதாகும், விவரம் கூடாது. டாட் உடைந்த நெகட்டிவைப் பெரிதாக்கி போஸ்டர் போட்ட கதைதான்.

பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ஏமாந்தேன். குற்றம் என்னுடையது. மாடியில் தொலைநோக்கி, உள் அறையில் லேப்டாப், கொசுவிடமிருந்து தப்பிக்கலாம் என்று திட்டம். பஜாரில் ஒரு கடையில் 5 மீட்டர் யூஎஸ்பி கேபிள் வாங்கினேன். படம் வரும், உறையும், கேமராவே காணாமல் போகும். யூஎஸ்பி 3 வேகத்தில் சாதாரணக் கேபிள் 3 மீட்டருக்கு மேல் போனால் நம்ப முடியாது என்று அப்புறம்தான் தெரிந்தது. குட்டையான கேபிளைப் போட்டதும் ஒரு ஃப்ரேம் விடவில்லை. கொசுவர்த்திச் சுருளோடு மாடிக்குக் குடிபோனேன்.

வேகம் ஏன் முக்கியம்? வியாழன் தன்னைத்தானே சுற்ற 9 மணி 55 நிமிடம்தான் எடுத்துக்கொள்கிறது. இந்த அமைப்பில் அதன் நடுவில் இருக்கும் ஒரு புள்ளி நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். ஆகவே இரண்டு நிமிட வீடியோவுக்குமேல் எடுத்தால் மேகப் பட்டைகளின் ஓரம் மழுங்கும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் எத்தனை ஃப்ரேம் கிடைக்கிறதோ அவ்வளவு லாபம். முழுச் சென்சாரில் இந்தக் கேமரா நொடிக்கு 47 ஃப்ரேம் தரும். வியாழனுக்கு 640க்கு 480 அளவில் ஒரு சின்னக் கட்டம் போதும், அப்படிக் குறைத்தால் வேகம் ஏறும். ஒரு ஃப்ரேமுக்கு 10 மில்லிவிநாடி வெளிச்சம் விட்டால் நொடிக்கு 100, இரண்டு நிமிடத்தில் 12,000. அதில் காற்று அசையாமல் நின்ற தருணங்களில் விழுந்த கால்வாசியை மட்டும் மென்பொருள் பொறுக்கி அடுக்கும். மற்றவை கழிவுத் தாள். அடுக்கிய படம் முதலில் பனிமூட்டம் மாதிரி இருக்கும். கூர்மையைக் கூட்டும் வேவ்லெட் சுட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் பட்டைகள் உள்ளிருந்து எழுந்து வரும். இங்கேதான் கை கட்டுப்பாடாக இருக்க வேண்டும். ஓவராக இழுத்தால் வியாழனின் ஓரத்தில் வெங்காயத் தோல் மாதிரி வளையம் வந்துவிடும்.

எல்லாரும் கேட்பது குழாயைத் தாங்கி நகர்த்தும் மவுன்ட் பற்றி. தெற்கே இருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சிவகாசியில் துருவ நட்சத்திரம் தரையிலிருந்து ஒன்பதரை டிகிரிதான். எனக்கு வடக்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க். அது போக, துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைச் சாய்த்து வைக்கிற ஈக்வடோரியல் மவுன்டை அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிர் எடை ஸ்டாண்டின் காலில் முட்டும். ஆகவே நான் வைத்திருப்பது மேல்கீழ், இடவலமாக நகர்ந்து கோளைத் தானே தேடிப் பிடிக்கும் கோட்டூ மவுன்ட். அதில் படம் மெல்லச் சுழலும். ஜனவரியில் வியாழன் இங்கே உச்சியில் 77 டிகிரி வரை ஏறியது. அந்த உயரத்தில் நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்குமேல் சுழற்சி. 60 டிகிரியில் பிடித்தால் அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே உச்சிக்கு வரும்வரை காத்திருக்காமல் 60-லேயே வேலையை முடிப்பேன். அந்த உயரத்தில் மெஷின்மேன் சொன்ன கலர் ஓரமும் அநேகமாக மறைந்துவிடுகிறது.

நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டமும் இதே அட்சரேகைதான். வடக்கத்தி நாடுகளில் பல வருஷம் கோள்கள் அடிவானத்தை உரசிக்கொண்டு போகும், இங்கே தலைக்குமேல் வரும். பிலிப்பைன்ஸின் செபு நகரத்திலிருந்து கிறிஸ்டோபர் கோ என்ற அமெச்சூர் 2006-ல் வியாழனின் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறியதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அவர் ஊரும் பத்து டிகிரி வடக்குதான், நம்மைப் போல.

வருடத்தில் பாதி நாள் இங்கே காற்று கெடுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது என் குழாய் எம்மாத்திரம்? புரட்டாசிக்கு அப்புறம் காற்று அடங்கினால் கீழே மெஷின் ஓடும். ஆஃப்செட் மெஷினுக்கு மேலே மொட்டைமாடியில் உட்கார்ந்து 1500 மில்லிமீட்டரில் படம் எடுக்கிற ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். திரையில் வியாழன் துடிதுடிக்கும். பிளேட் மாற்ற மெஷின் நிற்கும் பத்து நிமிடம்தான் எனக்கு. கீழேயிருந்து "பிளேட்டு மாத்துறோம் அண்ணாச்சி" என்று குரல் வரும், நான் ரெக்கார்டு பொத்தானை அழுத்துவேன். பொங்கலை ஒட்டி ஆர்டர் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் மாடி அசையாமல் நின்றது. நல்லவேளையாக வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது ஜனவரி 10. அந்த வாரம் எடுத்ததில் ஒன்றில் பெருஞ்சிவப்புப் புள்ளியும் அதன் பின்னால் சுழித்துக்கொண்டு போகும் மேகக் குழப்பமும் தெரிகின்றன. ஐந்து அங்குலக் குழாய்க்கு அதற்குமேல் கேட்பது பேராசை.

நிலாவுக்கு இந்தக் கேமரா வேறு குணம் காட்டுகிறது. திரையில் விழுவது 17.6க்கு 10 கலைதான் (ஒரு டிகிரியில் 60 கலை), நிலா 31 கலை. ஒரே படத்தில் அடங்காது, துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். முழு அளவில் 30 விநாடி எடுத்தாலே கிட்டத்தட்ட 12 ஜிபி. வெளியில் தொங்கும் சாதாரண ஹார்டுடிஸ்க்கில் எழுதினால் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது, எஸ்எஸ்டி இல்லாமல் இறங்காதீர்கள். பலன் மட்டும் குறைவில்லை. ஒரு பிக்சலுக்கு நிலாத் தரையில் அரைக் கிலோமீட்டர் வருகிறது. பிளேட்டோ என்ற 100 கிலோமீட்டர் பள்ளத்தின் தரை, கண்ணால் பார்த்தால் மெழுகிய முற்றம் மாதிரி இருக்கும். அதில் இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள சிறுகுழிகள் உண்டு. அவற்றில் நான்கு என் படத்தில் விழுந்திருக்கின்றன. அதில் ஒன்று தூசியா குழியா என்று வரைபடத்தோடு ஒப்பிட்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

தூசி என்றதும் ஞாபகம் வருகிறது. சென்சார்மேல் உட்கார்ந்த தூசி நிலாவிலும் சூரியனிலும் உளுந்துவடை மாதிரி வட்டமாகத் தெரியும். ஒரு நாள் அவசரத்தில் அச்சகத்து கம்ப்ரஸர் காற்றைப் பிடித்து ஊதினேன். தூசி போனது. கம்ப்ரஸர் எண்ணெய் பொடிப்பொடித் துளியாக முன்கண்ணாடியில் அப்பியது. துடைத்துச் சரிசெய்ய இரண்டு ராத்திரி ஆயிற்று. ரப்பர் பல்பு ஊதி மலிவானது, அதையே வாங்குங்கள்.

சூரியனுக்கு பாடர் நிறுவனத்தின் ஆஸ்ட்ரோசோலார் தாளைக் குழாயின் வாயில் முழுவதும் மூடி மாட்டியிருக்கிறேன். ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். தாள் எப்போதும் முன்பக்கம்தான், கண்வைக்கும் பக்கம் இல்லை. சிறு தேடுகுழாயைக் கழற்றிவிடுவேன், யாராவது அதில் கண்ணை வைத்தால் தீர்ந்தது. காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். தளம் சூடேறினால் சூரியன் ஓரம் கொதிக்கிற கஞ்சி மாதிரி அலையும். வெயிலில் லேப்டாப் திரை தெரியாது, ஆகவே காலண்டர் பேக்கிங் அட்டைப்பெட்டிக்குள் லேப்டாப்பை வைத்து என் தலையையும் உள்ளே விட்டுக்கொள்வேன். எதிர்வீட்டு ஆச்சி முதல் நாள் பார்த்துவிட்டு என் மனைவியிடம் விசாரித்திருக்கிறார். கலர் கேமராவில் சூரியன் எடுத்தால் பச்சையை மட்டும் பிரித்தெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள், கூர்மை கூடும். கரும்புள்ளியைச் சுற்றி மயிரிழை போலப் பரவும் சாம்பல் வளையம் நன்றாக விழுகிறது. அந்த இழைகளில் வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்று ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது இங்கே பக்கத்தில், கோடைக்கானல் ஆய்வகத்தில்தான்.

நெபுலா, காலக்ஸி எடுக்க நினைப்பவர்களுக்கு இது ஆகாது. குளிரூட்டி இல்லை, சென்சார் சின்னது. அதே மாதிரி கோளைப் பின்தொடரும் மோட்டார் இல்லாத ஸ்டாண்டோடு வாங்கினால் திரைக்குள் வியாழனைப் பிடித்து வைப்பதே பெரும்பாடு. எஃப் 5 நியூட்டோனியன் வகைத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு எப்படியும் பார்லோ வேண்டும், 2 மைக்ரானின் பெருமை அவர்களுக்குப் பாதிதான்.

கடைசியாக ஒன்று. இதன் முன்கண்ணாடி அகச்சிவப்பைத் தடுக்காது. அது மூன்று நிறப் பிக்சலிலும் புகுந்து, வியாழனை வெளுத்துப்போன இளஞ்சிவப்பாக்கிவிடும். ஒன்றேகால் அங்குல யூவி-ஐஆர் தடுப்பு ஃபில்டரை கேமராவோடு சேர்த்தே ஆர்டர் போடுங்கள். நான் மறந்துவிட்டுத் தனியாக வரவழைத்தேன். இரண்டாவது கூரியர் கட்டணம், போதாக்குறைக்கு அந்தப் பார்சல் குடோனில் மூன்று நாள் படுத்துக்கிடந்தது. அந்த மூன்று ராத்திரியும் வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை.