ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்கள்: பத்து வருடப் புழக்கத்துக்குப் பிறகு

சென்னை தரமணியில் 2000-ல் டைடல் பார்க் ஐ.டி. வளாகம் திறந்ததற்குப் பிறகு ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) நெடுக எழுந்த அலுவலகக் கட்டடங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு. வெளியே கண்ணாடி, நுழைந்ததும் கிரானைட் லாபி, கீழே பேஸ்மென்ட் பார்க்கிங். புதுசில் எல்லாமே பளபளப்புதான். நாலைந்து ஐப்பசி, கார்த்திகை போன பிறகே எது உருப்படியான கட்டடம் என்று தெரியும். வாடகைக்கு எடுப்பவர்கள் லாபியைப் பார்த்து மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது மொட்டைமாடியையும் பேஸ்மென்ட்டையும்.

கண்ணாடிச் சுவரில் கண்ணாடி அவ்வளவாகத் தொல்லை தராது. இடுக்குகளை அடைக்கும் சிலிகானும் ரப்பர் காஸ்கெட்டும்தான் வில்லங்கம். வெயில் பட்டுப் பட்டு காஸ்கெட் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். வடகிழக்குப் பருவமழையில் வடக்கு, கிழக்கு முகங்களில் காற்றோடு அடிக்கும் சாரல் அதில் புகுந்துவிடும். எட்டாவது மாடியில் நுழைந்த தண்ணீர் அலுமினியச் சட்டத்துக்குள்ளேயே இறங்கி ஆறாவது மாடி ஃபால்ஸ் சீலிங்கில் கறையாகத் தெரியலாம். கறைக்கு நேரே சிலிகான் பூசி என்ன பயன்?

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. கிடைமட்டச் சட்டத்தின் வெளிப்பக்கம் தண்ணீர் வடிவதற்கென்றே சின்னத் துளைகள் இருக்கும். ஒழுகுவது இங்கேதான் என்று அதையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் அறைக்குள் கொட்டும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஹோஸ் சோதனை போதும், ஆனால் கீழ் இணைப்பில் தொடங்கி மேலே போக வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஐந்து நிமிடமாவது கொடுங்கள். உள்ளே ஒருவர் சீலிங்கைத் திறந்துவைத்துப் பார்க்கட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் வழியும் நீர் எல்லா இணைப்பையும் நனைத்துவிடும், ஓட்டை எது என்று பிடிபடாது. அழுக்கேறிய பழைய சிலிகான் மேல் புதுசு சரியாக ஒட்டாது. அறுத்தெடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஃபோம் கயிறு வைத்துப் பூச வேண்டும். செப்டம்பருக்குள் முடித்தால் பிழைத்தோம்.

இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் மூட்டம் படிந்தால் துடைக்க முடியாது, பலகையையே மாற்ற வேண்டும். பத்து வருடம் கழித்து அதே நிறம் கிடைப்பது அதிர்ஷ்டம். கட்டும்போதே உபரி வாங்கி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அடுத்து தண்ணீர். வாட்டர் கூல்டு சில்லர் (சூட்டைத் தண்ணீர் வழியே வெளியேற்றும் மைய ஏ.சி. இயந்திரம்) ஒரு டன் குளிர்திறனுக்கு மணிக்குச் சுமார் 10 லிட்டர் குடிக்கும்: ஆவியாகப் போவது ஆறேழு லிட்டர், உப்பு சேராமல் இருக்க வெளியேற்றுவது மூன்று. 500 டன் பிளான்ட் 70 சதவீத லோடில் பத்து மணி நேரம் ஓடினால் 35,000 லிட்டர், அதாவது தினமும் மூன்று 12,000 லிட்டர் லாரி. செலவை மிச்சம் பிடிக்க உப்பு போர் நீரைக் கலந்தால் கண்டென்சர் (ஏ.சி. வாயு குளிர்ந்து திரவமாகும் பகுதி) குழாயில் உப்புச் செதில் படியும். கண்டென்சரிலிருந்து வெளியேறும் நீரின் வெப்பநிலைக்கும் உள்ளே வாயு திரவமாகும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம், அதாவது அப்ரோச், 3 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் செதில் சேர்கிறது என்று அர்த்தம். லாக் புக்கில் இந்தக் கணக்கே இல்லையென்றால் பராமரிப்பின் லட்சணம் அவ்வளவுதான். காற்றால் குளிரும் ஏர் கூல்டு சில்லரோ, ஒரு வெளி யூனிட்டில் பல உள் யூனிட்டுகளை ஓட்டும் வி.ஆர்.எஃப். ஏ.சி.யோ வைத்தவர்களுக்கு லாரிக் கவலை இல்லை. கரண்ட் பில் கூடும், கடல் காற்றில் வெளி யூனிட்டின் அலுமினிய ஃபின்கள் (மெல்லிய தகடுகள்) உதிரும்.

லிஃப்ட்டுக்குச் சுருக்கமான அளவுகோல்: காலை நெரிசலில் ஐந்து நிமிடத்தில் மொத்த ஆட்களில் 12 முதல் 15 சதவீதம் பேரை ஏற்ற வேண்டும். நூறு சதுர அடிக்கு ஒருவர் என்று போட்ட கணக்கு, அறுபதுக்கு ஒருவரை உட்கார வைத்தால் தாங்காது. குறை லிஃப்ட்டுடையது இல்லை.

பேஸ்மென்ட்டை மழை மறுநாள் போய்ப் பாருங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கத்திலேயே இருப்பதால் பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். ரேம்ப் சாலையிலிருந்து முதலில் மேடாக ஏறி, பிறகு இறங்க வேண்டும். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போக, கட்டும்போது இருந்த மேடு இன்று மேடே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாமும் இதைத்தான் காட்டின. மின் பேனல் அறையும் ஃபயர் பம்பும் கீழ்த்தளத்தில் இருந்தால் தயங்குங்கள். தேங்கும் நீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப் இரண்டு வேண்டும், இரண்டும் ஜெனரேட்டர் லைனில் இருக்க வேண்டும். நீர் ஏறினால் பம்பை ஓடவைக்கும் மிதவையான ஃப்ளோட்டைக் கையால் தூக்கச் சொல்லுங்கள். மோட்டார் ஓடுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் வாடகை பேசுவது லாபி, படிக்கட்டு போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்டப் கணக்கில், உட்காருவது சுவர்களுக்குள் நிஜமாகப் புழங்கும் கார்பெட் ஏரியாவில். 10,000 சதுர அடிக்குப் பணம் கட்டினால் கைக்கு வருவது 7,000 இருந்தாலே பரவாயில்லை; டேப் வைத்து அளந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பொதுப் பராமரிப்புக் கட்டணத்தில் லாரித் தண்ணீர், டீசல் சேர்த்தியா, தனியா என்பதையும், சனிக்கிழமையும் இரவு ஏழுக்கு மேலும் ஏ.சி. ஓட மணிக்கு எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இரவு ஷிஃப்ட் உள்ள கம்பெனிக்கு அந்தக் கடைசி வரிதான் பட்ஜெட்டைப் புரட்டும்.