ஆடிட்டர் ஆபீஸா, கம்பெனி அக்கவுண்ட்ஸா?

பி.காம் முடித்ததும் திருப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருடம் இருந்தேன். இப்போது ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ், இரண்டாவது வருடம் ஓடுகிறது. எங்கே சேரலாம் என்று கேட்டால் என் ஓட்டு கம்பெனிக்குத்தான்.

சம்பளம், பி.எஃப். எல்லாம் கம்பெனியில் மேல். அது தெரிந்த கதை. தொழில் பழக ஆடிட்டர் ஆபீஸுக்கு ஈடில்லை. நிட்டிங், டையிங், மளிகை மண்டி, டிரஸ்ட் என்று ஒரே வாரத்தில் நாலு விதக் கணக்கு கைக்கு வரும்.

என்னை இடம் மாற வைத்தது வேறு விஷயம்: தப்பு நடந்த இடத்திலேயே போய் அதைத் திருத்த முடிகிறதா? 2022 ஜனவரியிலிருந்து, சப்ளையர் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில் நம் 2பி-யில் (அப்படி ஏற்றிய பில்களை வைத்து நமக்கு வரும் மாதப் பட்டியல்) வந்தால்தான் உள்ளீட்டு வரி எடுக்கலாம், அதாவது வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். 2பி வருவது 14ஆம் தேதி, மாதாமாதம் 3பி (ஜிஎஸ்டி கட்டிப் போடும் ரிட்டர்ன்) போடுபவர்களுக்குக் கெடு 20. நடுவில் ஆறே நாள். ஆடிட்டர் ஆபீஸில் அந்த ஆறு நாளில் என் பொறுப்பில் முப்பது பார்ட்டிக்கு மேல். 18ஆம் தேதி சாயங்காலம் ஒருவர் மஞ்சப்பையில் பில்களோடு வருவார். "அண்ணா, இந்த நூல் பில் 2பி-ல வரலைங்க" என்றால், "பாத்து ஏதாச்சும் போட்டுரு கண்ணு" என்பார். நூல் கடைக்கு நானே போன் போட்டால், "நீங்க யாருங்க?" நோட்டீஸ் வந்தால் மட்டும் திட்டு எனக்கு.

கம்பெனியிலும் அதே நூல் பில், அதே 2பி. ஆனால் பேமெண்ட் என் மேஜையைத் தாண்டித்தான் போகிறது. ஜிஎஸ்டி தொகையை மட்டும் நிறுத்திவைத்து ஒரு போன் போட்டால் போதும், அடுத்த மாத 2பி-யில் பில் வந்து நிற்கிறது. பேர் தெரிந்து, "அந்த பில் ஏத்தியாச்சுங்க மேடம்" என்று அவர்களே கூப்பிடுகிறார்கள். வேலை பிடித்துப்போனது இதனால்தான்.

நான் பார்த்தது ஏழு பேர் உள்ள அக்கவுண்ட்ஸ். பெரிய கம்பெனியில் என் சிநேகிதி ஒருத்தி வருடம் முழுக்க வெண்டர் பில் மட்டும் பதிவு செய்கிறாள், சலிப்பு என்கிறாள். அங்கே நான் இருந்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். அப்புறம், நேரே கம்பெனிக்கு வராதீர்கள். டாக்ஸ் ஆடிட் கெடு நெருங்கும் ஒரு செப்டம்பரையாவது ஆடிட்டர் ஆபீஸில் பார்த்துவிட்டு வாருங்கள்.