வின்ஐஎஸ்டி சொன்ன 31 சென்டிமீட்டர்

எங்கள் தெருக் கோயில் பஜனைக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். 10 இன்ச் ஊஃபர் (கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர்), 18 மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளே 50 லிட்டர் காற்று. பெட்டிக்குள் இருக்கும் காற்று வெளியே வந்துபோகும் போர்ட் குழாயின் நீளத்தை மட்டும் கண்ணால் அளந்து சொல்ல முடியாது. அதற்காக வின்ஐஎஸ்டி (WinISD) என்ற இலவச மென்பொருளை என் பழைய லேப்டாப்பில் போட்டேன். ரங்கூனில் கரண்டு இருக்கும் நேரம் பார்த்து, ஒரு மாதமாக அதோடு உட்கார்ந்திருக்கிறேன்.

குழாய் வைத்த பெட்டிகளைப் பற்றி ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் எழுதியதையும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரித்ததையும் வைத்துத்தான் இது கணக்குப் போடுகிறது. அதனால் ஊஃபரின் குணத்தைச் சொல்லும் தீல்-ஸ்மால் எண்கள் நம் கையில் இருக்க வேண்டும். கடைத்தெருவில் பெயரில்லாமல் விற்கும் மலிவு ஊஃபருக்கு அந்த எண்கள் உள்ள தாள் கிடைக்காது. நீங்களே அளந்து எடுக்காதவரை இந்த மென்பொருளால் பயனில்லை.

பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய, அதாவது குழாய்க் காற்று அந்த அதிர்வில் ஒலிக்க, எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டேன். 3 இன்ச் பைப்புக்கு 16 சென்டிமீட்டர் என்றது. சின்ன நீளம், நேராகவே உள்ளே நிற்கும் என்று சந்தோஷமாக வெட்டி ஒட்டினேன். தவில் ஒலித்தட்டைப் போட்டேன். தொப்பிப் பக்கத்து அடி ஒவ்வொன்றுக்கும் குழாய் வாயில் புஸ், புஸ் என்று காற்றுச் சத்தம் வந்தது. மென்பொருள் இதை முன்பே காட்டியிருந்தது, நான்தான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. 60 வாட்டில் குழாய்க் காற்றின் வேகம் விநாடிக்கு 27 மீட்டர். 17க்குள் இருந்தால்தான் சத்தம் அடங்கும் என்பது பெட்டி செய்பவர்கள் வழக்கமாக வைக்கும் அளவு. 4 இன்ச்சுக்கு மாற்றினால் வேகம் 15க்கு இறங்குகிறது, ஆனால் நீளம் 31 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. என் பெட்டியின் உள் ஆழமே 30 சென்டிமீட்டர். அப்புறம் எல்போ போட்டு மடக்கினேன். வளைவில் நடுக்கோடு வழியாகத்தான் நீளம் அளக்க வேண்டும். குழாயின் உள்முனைக்கும் எதிர்ப் பலகைக்கும் இடையே குழாயின் விட்டம் அளவாவது இடைவெளி வேண்டும்.

சரி, மாட்டியாயிற்று. உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸ்? போனில் டோன் ஆப், ஆம்ப்ளிஃபையர், ஊஃபருக்குத் தொடரில் 100 ஓம் ரெசிஸ்டர், ஊஃபர் முனைகளில் மல்டிமீட்டர். டோனை மெல்ல ஏற்றினால் வோல்டேஜ் இரண்டு இடத்தில் மேடு கட்டும். அந்த மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் டியூனிங். எனக்கு அது 37இல் விழுந்தது.

ஊஃபர், குழாய், உள்ளே வைத்த கட்டைகள் மூன்றும் சேர்ந்து ஐந்து லிட்டரைத் தின்றிருந்தன. வின்ஐஎஸ்டி கேட்பது மிச்சமிருக்கும் காற்றின் அளவு. நான் கொடுத்ததோ வெறும் பெட்டியின் அளவு. 45 என்று போட்டதும் 35 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகச் சொன்னது. வெட்டின பைப்பை நீட்ட முடியுமா? மறுபடி பைப் கடைக்கு ஓடினேன்.

இந்த முறை 38ஆக வெட்டினேன். ஒட்டாமல் செருகி, அளந்து, ஒவ்வொரு சென்டிமீட்டராகக் குறைத்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு அரை ஹெர்ட்ஸ்கூட ஏறவில்லை, ஆகவே மில்லிமீட்டருக்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். இரண்டாவது பெட்டிக்கும் இப்படியே செய்தேன்.

மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது கோன் (ஊஃபரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு) அசைவைக் காட்டும் வரைபடம். டியூனிங் புள்ளியில் கோன் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, குழாய்தான் பாடுகிறது. அதற்குக் கீழே போனால் கோனைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை, அசைவு தாறுமாறாக ஏறுகிறது. இதைப் பார்த்த பிறகுதான் ஆம்ப்ளிஃபையரில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் போட்டேன். ஊஃபர் பிழைத்தது அதனால்தான்.

விண்டோஸ் லேப்டாப்பும், எண்கள் உள்ள ஊஃபரும் இருந்தால் தயங்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். காற்று வேகப் பக்கத்தைப் பார்த்த பிறகு பைப் வாங்கப் போங்கள். போன வெள்ளிக்கிழமை பஜனையில் தவில் அடி தரையில் உட்கார்ந்திருந்த பாட்டிமார் வரை வந்தது, புஸ் சத்தம் ஒன்றுகூட இல்லை.