அலியும் ரைசனும் ஒரே கொப்பியில்: ஒன்பது வருடப் பாவனை அனுபவம்

வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களை மோதவிட்டுப் பார்க்க என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்: 160 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று, ஓர் அடிமட்டம், விட்டுக்கொடுக்காமல் கதைக்கக்கூடிய ஓர் ஆள். எனக்கு அந்த ஆள் மாமா. கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் அவர் வீட்டு விறாந்தையில் 2016 இல் தொடங்கினோம், இப்போது மூன்றாவது கொப்பி ஓடுகிறது, 61 சண்டைகள் எழுதி முடித்திருக்கிறோம்.

முகமட் அலி 2016 யூன் 3 இல் இறந்தார். எங்களுக்குச் செய்தி வந்தது மறுநாள் சனிக்கிழமை. மாமா அன்று வயல் பக்கம் போகவில்லை. பாலைப்பழக் காலம், அயலில் ஒருவர் காட்டுக்குப் போய் வந்து ஒரு பை தந்திருந்தார், அதைத் தின்றுகொண்டே கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிள்ளை, ரைசன் வந்திருந்தாலும் அலியைத் தொட்டிருக்க ஏலாது" என்றார். நான் சின்ன வயதிலிருந்தே மைக் ரைசன் பக்கம். "அப்ப எழுதிப் பாப்பம் மாமா" என்று கொப்பியை எடுத்தேன். அந்த முதல் கொப்பியின் 3ஆம் 4ஆம் பக்கங்கள் பழத்தின் பால் பட்டு இன்றும் ஒட்டியபடிதான் இருக்கின்றன. பிரித்தால் எழுத்துக் கிழியும் என்று விட்டுவிட்டோம்.

மாமாவின் குத்துச்சண்டை ஆசை அதைவிடப் பழையது. 1994 நவம்பரில் எனக்கு எட்டு வயது. மின்சாரம் இல்லை, பற்றரி கிடைக்காது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் றேடியோ பாடும். சுற்றுவது என் வேலை. அலியிடம் 1974 இல் உலகப் பட்டத்தை இழந்த ஜோர்ஜ் போர்மன், இருபது வருடம் கழித்து 45 வயதில், மைக்கல் மூரரை 10ஆம் சுற்றில் விழுத்தித் திரும்பவும் பட்டம் எடுத்த செய்தியை அப்படித்தான் கேட்டோம். கை நோக நான் மெதுவாக்க, குரல் இழுபட்டுத் தேய, "சுத்து பிள்ளை, நிப்பாட்டாத" என்று மாமா முற்றத்தில் நின்று கத்தியது இப்போதும் காதுக்குள் இருக்கிறது. பத்திரிகைத் துண்டுகள் ஒட்டிய கொப்பி ஒன்று அவரிடம் அந்தக் காலத்தில் இருந்தது. 2009 இல் அதுவும் போயிற்று.

சரி, கொப்பிக்கு வருவோம்.

முதல் இரண்டு வருடம் நாங்கள் பாவித்த முறை, பள்ளிக்கூடத்தில் புத்தகத்தை விரித்துப் பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ஓட்டமாக எண்ணி விளையாடும் கிரிக்கெட்டைப் போன்றது. ஒவ்வொரு வீரருக்கும் ஜாப் (முன்னுக்கு நிற்கும் கையால் நேரே நீட்டும் குத்து), அடியின் பலம், தாடையின் உறுதி, கால் வேகம், மூச்சு என்று பத்துக்குப் புள்ளி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பழைய புத்தகத்தை விரித்து இலக்கத்தைக் கூட்டுவது, கூடுதலாக வந்தவருக்குச் சுற்று. விளையாட நன்றாக இருக்கும், பின்னேரம் போவதே தெரியாது, ஆனால் ஒன்றையும் நிறுவாது. மாமா அலிக்கு எல்லாவற்றிலும் பத்துப் போட்டார், அடியின் பலத்துக்கும் பத்து. நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள், பற்றுச்சீட்டு இல்லாத செலவைப் பேரேட்டில் ஏற்றுவதில்லை. அந்தப் பத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

இடையில் தம்பிக்குக் கனடாவிலிருந்து வந்த வீடியோ விளையாட்டுப் பெட்டியில் ஒரு குத்துச்சண்டை விளையாட்டும் இருந்தது, அதையும் மூன்று வருடமளவில் பாவித்தேன். படம் அருமை, வியர்வை தெறிப்பதுகூடத் தெரியும். ஆனால் தம்பி யாரை எடுத்தாலும் வெல்கிறான், நான் போர்மனை எடுத்தாலும் தோற்கிறேன். அதில் மோதுவது எங்கள் இருவரின் பெருவிரல்கள்தான், அந்தக் காலத்து வீரரும் இந்தக் காலத்து வீரரும் இல்லை. பொழுதுபோக்குக்கு வாங்கலாம், விடை தேடி வாங்க வேண்டாம்.

கணினியை நம்பி இதைச் செய்தவர்கள் முன்னமே இருந்திருக்கிறார்கள். 1967 இல் அமெரிக்காவில் மறி வொரோனர் என்ற வானொலிக்காரர் எல்லாக் காலத்து வீரர்களையும் கணினியில் போட்டு ஒரு போட்டித் தொடரே நடத்தினார். அதில் அலி ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக முடிவு வர, அலி வழக்குப் போட்டார். பிறகு 1969 இல் அலியையும் ரொக்கி மார்சியானோவையும் மியாமியில் நேரில் நிறுத்தி, பல விதமான முடிவுகளோடு படம் பிடித்தார்கள். மார்சியானோ அதற்காக உடம்பைக் குறைத்து, தலைக்குப் பொய்முடி வைத்து வந்தார், படப்பிடிப்பு முடிந்து சில கிழமைகளில், ஓகஸ்ட் 31 இல், விமான விபத்தில் இறந்தும் போனார். 1970 யனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ 13ஆம் சுற்றில் அலியை விழுத்தினார். இங்கிலாந்துக்குப் போன படத்தில் மார்சியானோவின் முகக்காயத்தால் அலி வென்றார். இதை வாசித்த அன்று மாமா கொப்பியை மூடி வைத்துவிட்டு, "பிள்ளை, எங்கட கணக்கும் இப்பிடித்தான் போகுது" என்றார்.

அதற்குப் பிறகுதான் இப்போதுள்ள முறை வந்தது. நாங்கள் அதைச் சாட்சி முறை என்கிறோம். ஒரு வீரரைப் பற்றி எதைச் சொன்னாலும் அவர் உண்மையில் ஆடிய ஒரு சண்டையை, வருடத்தோடும் சுற்றோடும், வலப்பக்க நிரலில் எழுத வேண்டும். சாட்சி இல்லாத வசனத்துக்குக் குறுக்குக் கோடு. முதற் பக்கத்திலேயே வீரரின் வருடத்தையும் எழுதிவிட வேண்டும், பிறகு மாற்ற ஏலாது. அந்த வருடத்துக்குப் பிந்தி நடந்த எதுவும் சாட்சி ஆகாது.

இந்தக் கடைசி விதி சிறியதாகத் தெரியும், ஆனால் எல்லாவற்றையும் மாற்றியது அதுதான். அலியைப் பற்றிக் கதைக்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். வேகத்துக்கு 1966 இல் ஹூஸ்ரனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்று சுற்றில் முடித்த அலியைச் சொல்வார்கள், தாங்கும் சக்திக்கு 1974 இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து போர்மனின் அடியெல்லாம் வாங்கிவிட்டு எட்டாம் சுற்றில் வென்ற அலியைச் சொல்வார்கள். அவர்கள் இரண்டு ஆட்கள்! இடையில் மூன்றரை வருடம் ஆடவிடாமல் நிறுத்தி வைத்தார்கள், கால் வேகம் போய் மனவுறுதி வந்தது. இரண்டையும் கலந்து ஓர் ஆளாக்கி மோதவிடுவது கள்ளக் கணக்கு. 1973 இல் கிங்ஸ்ரனில் ஜோ பிரேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறு தடவை விழுத்திய போர்மனுக்கு 1994 இன் நிதானத்தைக் கடன் கொடுப்பதும் அப்படித்தான்.

இந்த விதியோடு அலி, ரைசன் சண்டையைத் திரும்ப எழுதினோம். 1966 நவம்பர் அலி, 1988 யூன் ரைசன், மைக்கல் ஸ்பிங்க்ஸை 91 செக்கனில் முடித்த ரைசன். என் பக்கச் சாட்சி அலியின் வலது கை. ஜாப் போடும்போது அது தாழ இருக்கும், தலையை நேரே பின்னுக்கு இழுத்துத்தான் தப்புவார். 1962 இல் சொனி பாங்ஸ் இடது ஹூக்கால் (பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்தால்) விழுத்தினார், 1963 இல் ஹென்றி கூப்பர் நாலாம் சுற்று முடியும் தறுவாயில் அதே இடது ஹூக்கால் விழுத்தினார். 1971 மார்ச்சில் பிரேசியர் 15ஆம் சுற்றில் விழுத்தியதையும் எழுதப் போனேன், "வருசம் பிந்திப் போச்சு" என்று மாமா கோடு போட்டார். நியாயம்தான். மாமாவின் சாட்சிகளும் லேசானவை இல்லை. 1986 இல் மிச் கிறீன், 1987 இல் போன்கிறஷர் சிமித், ரொனி ரக்கர், மூவரும் உயரமானவர்கள், மூவரும் ரைசனோடு கடைசிச் சுற்று வரை நின்றார்கள். சிமித் அநேகமாக முழுச் சண்டையும் கட்டிப் பிடித்தபடிதான். 1990 ரோக்கியோவில் பஸ்ரர் டக்ளஸ் ஜாப்பால் பிரித்து மேய்ந்ததை அவர் கொண்டுவர, அதே விதியால் நான் வெட்டினேன். இரண்டு நாள் என்னோடு அவர் சரியாகக் கதைக்கவில்லை.

அந்த நிரலைப் பார்த்துச் சுற்றுச் சுற்றாக எழுதியபோது வந்தது இது: மூன்றாம் சுற்றில் ரைசனின் இடது ஹூக்கில் அலி விழுகிறார், எழும்புகிறார், பிறகு வட்டம் சுற்றுகிறார், ரைசன் துரத்திக் களைக்கிறார். புள்ளிக் கணக்கில் 115க்கு 112, அலி. ரைசன் ஆளான நானே என் கையால் எழுதினேன், இன்றைக்கும் அது சரியென்றுதான் நினைக்கிறேன். ஆறாம் சுற்றுக்குப் பிறகு ரைசன் ஓடுகிறவரைப் பிடித்து முடித்ததற்கு அந்த வருடத்துக்கு முன் எனக்குக் கிடைத்தது 1987 இல் ரைறல் பிக்ஸ் ஒருவர்தான், பிக்ஸும் அலியும் ஒரே தராசில் நிற்கமாட்டார்கள்.

அடுத்தது சுற்று எண்ணிக்கை. இதில்தான் எங்கள் கொப்பியின் பாதிப் பக்கங்கள் போயிருக்கின்றன. 1982 நவம்பரில் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்த பிறகு, பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12க்கு வந்தன. மூன்று சுற்றுத்தானே என்று விடுவதற்கில்லை. மார்சியானோவின் 49 வெற்றியில் தோல்வியே இல்லை என்கிறோம், ஆனால் 1952 இல் ஜேர்சி ஜோ வோல்கொட்டிடம் நடுவர்களின் எல்லாப் புள்ளி அட்டையிலும் பின்தங்கி நின்று 13ஆம் சுற்றில்தான் ஒரு வலது கையால் முடித்தார். ஜோ லூயிஸ் 1941 இல் பில்லி கொன்னை விழுத்தியதும் 13இல். பன்னிரண்டு முடிவில் இரண்டு அட்டைகளில் கொன் முன்னுக்கு, மற்றதில் சமம். லரி ஹோம்ஸ் 1978 இல் கென் நோர்ட்டனை 15ஆம் சுற்றால்தான் வென்றார். இன்றைய விதியில் மார்சியானோவுக்கு அந்தப் பூச்சியம் இல்லை, லூயிஸ் பட்டத்தை 1941 இலேயே இழந்திருப்பார். மறுபக்கம், 12 சுற்றுக் காலத்தில் வந்த லெனொக்ஸ் லூயிஸோ உக்ரைனின் உசிக்கோ 13ஆம் சுற்றைக் கண்டதே இல்லை, அவர்களுக்கு அங்கே சாட்சியே கிடையாது. ஆகவே இப்போது ஒவ்வொரு சண்டையையும் 12க்கு ஒருமுறை, 15க்கு ஒருமுறை என்று இரண்டாக எழுதுகிறோம். 61இல் 9 சண்டைகளில் வென்றவர் மாறினார்.

உடம்பு எடையைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் சுருக்கமாக. மார்சியானோ 185 இறாத்தல் அளவில் ஆடியவர், இன்றைக்கு அவர் ஹெவிவெயிட்டே இல்லை, அதற்குக் கீழ் வகுப்பு. சின்னவர் பெரியவரை அடிப்பார் என்பதற்கு 1919 இல் 187 இறாத்தல் டெம்சி 245 இறாத்தல் வில்லார்டை முதற் சுற்றில் ஏழு தடவை விழுத்தியதைக் காட்டுவார்கள். ஆனால் அன்று விழுந்தவன் எழும்பும் வரை பக்கத்திலேயே நின்று அடிக்கலாம், விழுத்தியவர் மூலைக்குப் போய் நிற்கும் விதி வரவில்லை. நான் மதிக்கும் சாட்சி 2024 மே 18, றியாத்தில் உசிக் தன்னைவிட ஏறத்தாழ 40 இறாத்தல் கூடிய ரைசன் பியூரியை (இவர் வேறு ரைசன்) வென்றது. அது இன்றைய விதியில், குத்துத் தெரிந்த பெரியவரோடு.

குறைகள் இருக்கின்றன. பழைய வீரர்களுக்குச் சாட்சி குறைவு. ஜக் ஜோன்சனுக்கு ஓடுகிற படங்கள் மங்கல், வேகம் பிசகியவை, அவரை நாங்கள் இன்னும் சரியாக எழுதவில்லை. இடது கைக்காரர்கள் வந்தால் கணக்குத் தடுமாறுகிறது, பழையவர்கள் நல்ல இடது கைக்காரரோடு மோதியதே அரிது. படம் பார்க்க இரவில் போனுக்கு ரீலோட் போட வேண்டும், அது ஒரு செலவு. இரண்டாம் கொப்பியின் அடிமட்டையைக் கறையான் தின்றது, இப்போது தகரப் பெட்டிக்குள் வைக்கிறேன். கொப்பியைவிடப் பெரிய சிக்கல் மாமாவின் கண். வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சை செய்தும் சின்னத் திரையில் அவருக்குக் கை தெரிவதில்லை. நான் போனைப் பிடித்தபடி, "இடது ஜாப், இன்னொண்டு, வலது, குனிஞ்சிட்டார்" என்று சொல்லிக்கொண்டு வர, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். சிலவேளை நான் சொல்ல முதலே "இப்ப கீழ அடிப்பான்" என்பார், அடி அங்கேதான் விழும்.

தற்போது மேசையில் கிடப்பது 1938 ஜோ லூயிஸும் 2024 உசிக்கும். லூயிஸ் ஜாப் போட்டுவிட்டு இடது கையைத் தாழ விடுவார், 1936 இல் ஷ்மெலிங் அதைப் பிடித்துத்தான் 12ஆம் சுற்றில் விழுத்தினார். அதைத் திருத்திக்கொண்டு வந்துதான் 1938 இல் அதே ஷ்மெலிங்கை 124 செக்கனில் முடித்தார் என்பது மாமாவின் வாதம். ஒரு சுற்று முடியாத சண்டையில் திருத்தியது எப்படித் தெரியும் என்பது என் வாதம். உசிக்குக்கு வயிற்றடி ஆகாது என்று மாமா 2023 டுபுவா சண்டையின் ஐந்தாம் சுற்றைக் காட்டுகிறார். நடுவர் அதைப் பெல்ட்டுக்குக் கீழ் பட்ட அடி என்று சொன்னதால் நான் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். நாலு மாதமாக ஏழாம் சுற்றில் நிற்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அலி, ரைசனில் கைவைக்க வேண்டாம், பாசம் கண்ணை மறைக்கும். 1980 ஹோம்ஸையும் லெனொக்ஸ் லூயிஸையும் எடுங்கள். இரண்டு பேருக்கும் நல்ல ஜாப். ஹோம்ஸ் 1979 இல் ஏர்னி ஷேவர்ஸிடம் ஏழாம் சுற்றில் விழுந்து எழும்பி வென்றவர். லூயிஸ் 1994 இல் மக்கோலிடமும் 2001 இல் ரஹ்மானிடமும் ஒரே வலது கைக் குத்தில் தோற்றவர், இருவரையும் திரும்ப அழைத்து வென்றவர். லூயிஸின் வருடத்தை 1993 என்று போடுகிறீர்களா 1997 என்று போடுகிறீர்களா என்பதை முதலில் முடிவெடுத்து, பேனையால் எழுதுங்கள், பென்சிலால் வேண்டாம்.