ஆஸ்டியோபதி என்று மொத்தப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

18,500 ரூபாய். பத்து சிட்டிங்குக்கு மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். நடந்தது இரண்டே சிட்டிங், அம்மாவின் முதுகுவலி முன்னைவிட மோசம், பணம் திரும்ப வராது என்று இன்று காலை கையை விரித்துவிட்டார்கள். இன்னும் வயிறு எரிகிறது.

மும்பை செம்பூரில் மாடியில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்டியோபதி கிளினிக். மூட்டையும் தசையையும் கையாலேயே அழுத்தி, நீட்டி, திருப்பி வலிக்கு வைத்தியம் செய்வதுதான் ஆஸ்டியோபதி. முதல் நாள் அங்கே வைத்தியம் பார்க்கும் ஆள் அம்மாவிடம், "எந்த ஊரும்மா? கும்பகோணமா? எங்க பாட்டிக்கு வலங்கைமான்" என்று தமிழில் ஆரம்பித்தார். இங்கே டாக்டர்கள் சொல்லும் ஹிந்திக்குப் பாதி புரியாமல் தலையாட்டியே பழகிய அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பத்து சிட்டிங், மாடிப்படி ஏறி இறங்குவீங்க, பொறுப்பு என்னோடது" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் அங்கேயே உட்கார்ந்து ஜிபேயில் 18,500 அனுப்பினேன்.

அம்மாவுக்கு ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு அடர்த்தி குறைவு. வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரைமணி நேரம் படுக்கக்கூடாது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ரிப்போர்ட் உள்பட எல்லாம் மஞ்சப்பையில் அம்மா மடியிலேயே இருந்தது. நான் எடுத்து நீட்டியும், "அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள், கடைசிவரை யாரும் பிரிக்கவில்லை. இரண்டாவது சிட்டிங்கில் அவர்கூட இல்லை, யாரோ ஒரு பையன் வந்து அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்பை வெடுக்கென்று முறுக்கினான். மடக்கென்று சத்தம், அம்மா அலறிவிட்டார். "ஹோ கயா ஆன்ட்டி", முடிந்துவிட்டது என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அன்று ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், நல்லவேளை முறிவு இல்லை, ஆனால் இந்த எலும்பை இப்படி முறுக்கவே கூடாது என்று சத்தம் போட்டார்.

லண்டனில் இருக்கும் மாமா பெண்ணிடம் சொன்னபோது அவள் நம்பவே இல்லை. அங்கே 1993-இல் சட்டமே போட்டுவிட்டார்கள், பதிவு பெறாதவர் ஆஸ்டியோபாத் என்று போட்டுக்கொள்ள முடியாது. அவள் அங்கே ஒரு ஆஸ்டியோபாத்திடம் போனபோது முதலில் வெறும் பேச்சுதானாம்: வலி எப்படி ஆரம்பித்தது, எங்காவது விழுந்தாயா, ஆபரேஷன் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாயா என்று. அப்புறம் குனி, நட, காலைத் தூக்கு என்று பார்த்து, என்ன செய்யப்போகிறேன், எதனால் ஆபத்து வரலாம் என்று சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் கை வைத்தாராம். எலும்பு பலவீனமானவர்களுக்கு வெடுக்கென்று முறுக்காமல் மெதுவான முறைகள்தான். அந்தச் சத்தம்கூட எலும்பு இடத்துக்கு வந்த சத்தம் இல்லை, மூட்டு நீரில் இருக்கும் வாயுக் குமிழியின் சத்தம்.

பணத்தைக் கேட்டால் முதலில் "சார் வெளியூர்", அடுத்து "அக்கவுண்ட்ஸ்ல கேட்டுச் சொல்றோம்", வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். ஒருமுறை அவரே போனை எடுத்தார், அம்மாவிடம் அவ்வளவு தமிழ் பேசியவர் என்னிடம் இங்கிலீஷில் "பேக்கேஜ் இஸ் நான்-ரீஃபண்டபிள்" என்றார். மீதி எட்டு சிட்டிங்கை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றிக்கொள்ளலாமாம்! 18,500 ரூபாய், அம்மாவின் பென்ஷன் பணம் அது. ரசீதில் சிகிச்சை என்றுகூட இல்லை, 'வெல்னெஸ்' என்று போட்டிருக்கிறான்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே வழக்குப் போடக் கட்டணம் கிடையாது.

சரி, அவசரமாகச் சில விஷயம். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் அன்றன்றைக்கே பணம் கொடுங்கள். எங்கே, என்ன படித்தார் என்று கேளுங்கள். ரிப்போர்ட்டைப் பார்க்காமல் கை வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள், கழுத்தை முறுக்க விடவே விடாதீர்கள். ஓரிரு நாள் வலி இருப்பது சகஜம், ஆனால் கால் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கில் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ அந்தக் கிளினிக்குக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்குப் போங்கள்.