தேடுகிறவரே அடிக்கவும் வேண்டுமா? அரக்கோணமும் தஞ்சாவூரும்

சேலத்துக்காரர்களுக்குக் கடல் தூரம்தான். ஆனால் கடலில் எதிரிக் கப்பலைத் தேடவும் அடிக்கவும் நாடு நம்பியிருக்கும் இரண்டு விமானத் தளங்கள் நமக்கு அக்கம்பக்கம். தென்கிழக்கே வான்வழியில் சுமார் 150 கி.மீ. போனால் தஞ்சாவூர். அங்கே விமானப்படையின் 222-ஆவது படைப்பிரிவு 2020 ஜனவரி 20 முதல் இருக்கிறது, சுகோய்-30 எம்.கே.ஐ. போர் விமானம், அதன் வயிற்றடியில் பிரம்மோஸ் ஏவுகணை. வடகிழக்கே சுமார் 230 கி.மீ. தள்ளி அரக்கோணம், கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. நான்கு கி.மீ.க்கும் நீளமான ஓடுபாதை, பி-8ஐ ரோந்து விமானங்கள்.

ரோந்து விமானத்திலேயே தொலைதூரத் துல்லிய ஏவுகணைகளை ஏற்றும் போக்கு இப்போது வலுக்கிறது. அமெரிக்கா தன் பி-8ஏ-வில் எல்ராஸ்ம் என்ற கப்பல் எதிர்ப்பு ஏவுகணையை இணைக்கும் வேலையில் இருக்கிறது. ஜப்பானின் பி-1 ஹார்பூன், மேவரிக், தன் நாட்டு ஏவுகணை என்று பலவற்றைத் தூக்கும். நாமும் அரக்கோணத்து விமானத்தை அப்படி மாற்றலாமா, இல்லை தேடுவது அரக்கோணம், அடிப்பது தஞ்சாவூர் என்றே விடலாமா?

முதலில் கையில் இருப்பதைப் பார்ப்போம். பி-8ஐ என்பது போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடம்பில் கட்டியது. 2009-இல் 2.1 பில்லியன் டாலருக்கு எட்டு, 2016-இல் இன்னும் நான்கு என்று வாங்கினோம்; முதல் விமானம் 2013 மே மாதம் வந்து சேர்ந்தது. பழைய டு-142 ரோந்து விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன, ஐ.எல்.-38 விமானங்கள் 2023-இல். ஆக, பெருங்கடலில் வெகுதூரம் போய்த் தேடுகிற பெரிய விமானம் இந்தப் பன்னிரண்டுதான். அரக்கோணத்துக்கும் கோவாவுக்கும் பிரித்தாகிவிட்டது. பராமரிப்பில் நிற்பவற்றைக் கழித்தால் ஒரு நாளில் எத்தனை கிளம்பும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இந்த எண்ணிக்கையை மறந்துவிட்டு ஆயுதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

அதில் ஆயுதம் இல்லாமல் இல்லை. நீர்மூழ்கிக்கு எம்.கே.54 டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு), கப்பலுக்கு ஹார்பூன் பிளாக்-2. ஹார்பூன் 120 கி.மீ.யைச் சற்றே தாண்டிப் போகும், வெடிபொருள் முனை 220 கிலோ அளவு, வேகம் ஒலிக்குக் கீழே. காவலற்ற சரக்குக் கப்பலுக்கும் சிறிய போர்க்கப்பலுக்கும் அது போதும். சீனாவின் 052டி, 055 வகை நாசகாரிக் கப்பல்களுக்குப் போதாது. அவற்றின் எச்.எச்.க்யூ-9 வான்காப்பு ஏவுகணை 200 கி.மீ. வரை எட்டும் என்கிறார்கள். அதாவது நம் விமானம் ஹார்பூனை ஏவும் தூரத்துக்கு வருவதற்கு முன்பே அடி வாங்கிவிடும்.

இங்கேதான் உயரம் பற்றிய சங்கதி வருகிறது. ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் முழுக்கத் தெரியும். ராத்திரியில் அங்கிருந்து ஒரு பெரிய விளக்கை அடித்தால் சேலம் முழுக்க உங்களையும் பார்க்கும். ரேடாரும் இதே கதைதான். 40,000 அடியில் பறக்கும் விமானத்துக்குத் தொடுவானம் 450 கி.மீ.க்கு மேல் விரிகிறது; ஆனால் அதன் ரேடார் அடிக்கும் ஒவ்வொரு துடிப்பும் கப்பலில் இருப்பவனுக்கு நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடும். கடல் மட்டத்துக்கு 60 மீட்டர் மேலே பதுங்கிப் பறந்தால் 50 கி.மீ. வரை கப்பல் ரேடாரில் சிக்காமல் போகலாம். ஆனால் அப்போது விமானத்துக்கும் ஒன்றும் தெரியாது. போர் விமானம் பதுங்கிப் போய் ஏவிவிட்டு வேகமாகத் திரும்பும். பயணிகள் விமானத்தின் உடம்பு அதற்கு ஆகாது.

எனவே முதல் வழி, பி-8ஐ-யிலேயே நீண்ட கை வைப்பது. எல்ராஸ்ம் 370 கி.மீ.க்கு மேல் போகும் என்கிறது அமெரிக்கா. 450 கிலோ முனை. ரேடாரில் எளிதில் படாத வடிவம். விமானம் ஆபத்து வட்டத்துக்கு வெளியிலேயே நின்றுகொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒலிக்குக் கீழான வேகத்தில் 370 கி.மீ. போக 25 நிமிடம் ஆகும். அதற்குள் 30 நாட் (மணிக்கு சுமார் 55 கி.மீ.) வேகத்தில் ஓடும் கப்பல் 23 கி.மீ. நகர்ந்திருக்கும். ஏவுகணை தானாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது யாராவது வழியில் புதிய இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் இன்னொரு ரோந்து விமானம்! ஒவ்வொன்றும் ஒரு டன்னைத் தாண்டும் நான்கு ஏவுகணைகளை இறக்கைக்கடியில் தொங்கவிட்டால், தேடல் பகுதியில் சுற்றிக்கொண்டிருக்கும் நேரமும் குறையும்.

பிரம்மோஸையே மாட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. விமானத்திலிருந்து ஏவும் பிரம்மோஸ் 2.5 டன். சுகோயே ஒன்றைத்தான் தூக்குகிறது, அதுவும் உடற்பகுதியை வலுப்படுத்திய பிறகு. எடை ஏறக்குறைய பாதியான பிரம்மோஸ்-என்.ஜி. இன்னும் சேவைக்கு வரவில்லை. வந்தாலும், பி-8ஐ-யின் கணினியோடு அதைப் பேசவைக்க போயிங்கும் வாஷிங்டனும் சம்மதிக்க வேண்டும்.

இரண்டாவது வழிக்கு வருவோம். 2017 நவம்பர் 22-இல் வங்காள விரிகுடாவுக்கு மேல் சுகோயிலிருந்து பிரம்மோஸ் முதன்முதலாக ஏவப்பட்டது. வேகம் ஒலியைப் போல 2.8 மடங்கு. 290 கி.மீ.யை ஆறு நிமிடத்தில் கடக்கிறது. அதற்குள் கப்பல் ஐந்தாறு கி.மீ.தான் நகரும். சுட்டுவீழ்த்த எதிரிக்குக் கிடைக்கும் அவகாசமும் அவ்வளவு குறைவு. பிரித்துச் செய்வதற்கு வரலாற்றில் பெரிய சான்று ஃபாக்லாந்து போரில், 1982 மே 4. அர்ஜென்டினாவின் பழைய நெப்டியூன் ரோந்து விமானம் ஒன்று பிரிட்டிஷ் கப்பல் ஷெஃபீல்டைக் கண்டுபிடித்துச் சொல்ல, இரண்டு சூப்பர் எத்தாந்தார் போர் விமானங்கள் வந்து எக்ஸோசெட் ஏவுகணையை ஏவின. இருபது பேர் இறந்தார்கள்; கப்பல் ஆறு நாளில் மூழ்கியது. நெப்டியூனில் அந்த ஏவுகணை கிடையாது, தேவையும் படவில்லை.

இதை ஐந்து ரோடு பக்கம் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே பேசியபோது, இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவன் விடவில்லை. "அண்ணா, கப்பலைக் கண்ணுக்கு முன்னால வெச்சுக்கிட்டு, தஞ்சாவூருக்குத் தகவல் சொல்லிட்டு உக்காந்திருக்கறதா? அதுக்குள்ள அது ஓடிடாதுங்களா?"

நல்ல கேள்வி. ஏற்காட்டில் குடியேறிவிட்ட ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் ஒருவர் கூட இருந்தார். அவர் சொன்னது: "ஓடுனா ஓடட்டும் தம்பி, நாம விடாம பின்னாடியே இருக்கோமில்ல? பிரச்சனை அது இல்லைங்க. சுகோய் எவ்வளவு தூரம் வரும், அதான்."

தஞ்சாவூரிலிருந்து கிரேட் நிக்கோபார் 1,600 கி.மீ.க்கு மேல். கனத்த ஏவுகணையோடு போய்த் திரும்ப வானிலேயே எரிபொருள் ஊட்ட வேண்டும். நம் விமானப்படையிடம் அதற்கு இருப்பவை ஆறு ஐ.எல்.-78 விமானங்கள், அவை மற்ற எல்லா முனைகளுக்கும் வேண்டும். மலாக்கா நீரிணையின் வாய் வரை எப்படியாவது ஒப்பேற்றலாம். அதற்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடல் நடுவிலுள்ள டியேகோ கார்சியா தீவுப் பக்கம், சுகோய் கணக்கிலேயே வராது. பி-8ஐ மட்டும் 2,200 கி.மீ. போய் அங்கே நான்கு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பும்.

இன்னொரு சங்கடம் பேச்சு. பி-8ஐ-க்குள் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்த தரவு இணைப்புக் கருவி இருக்கிறது. கடற்படைக் கப்பல்களோடும் கரையோடும் அது நன்றாகப் பேசும். விமானப்படையின் வலை தனியாக வளர்ந்தது. கண்டுபிடித்த இலக்கை அந்த நொடியே சுகோயின் திரைக்கு அனுப்புவதில்தான் இந்த வழி முழுக்க நிற்கிறது. இதற்குச் செலவழிக்கும் பணம் எந்தப் புது ஏவுகணைக்குச் செலவழிப்பதைவிடவும் பலன் தரும் என்பது என் கட்சி.

தரையிலுள்ள இலக்குகளை அடிக்க ரோந்து விமானத்தைப் பயன்படுத்துவது பற்றியும் ஆசை உண்டு. 1999-இல் கொசோவோ போரில் அமெரிக்காவின் பி-3சி ரோந்து விமானம் ஸ்லாம் ஏவுகணைகளை ஏவியது. 2011 மார்ச்சில் லிபியாவின் மிஸ்ராத்தா அருகே ஒரு கடலோரக் காவல் கப்பல் மீது மேவரிக்கை ஏவியது. மாலியில் பிரான்சின் அட்லாந்திக் 2 ரோந்து விமானம் லேசர் வழிகாட்டிக் குண்டுகளைப் போட்டது. லடாக் பதற்றத்தின்போது நம் பி-8ஐ-யும் மலைமேல் பறந்து கண்காணித்தது. அங்கேயே ஒரு குண்டும் போட்டால் என்ன? அந்த மூன்று இடத்திலும் எதிரியின் வான்காப்பு அடங்கிவிட்டது, அல்லது இல்லவே இல்லை, அல்லது விமானம் அது எட்டாத தூரத்தில் நின்றது. நம் எல்லைகள் அப்படியா? 1999 ஆகஸ்ட் 10-இல் கட்ச் பகுதியில் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாந்திக்கை நம் மிக்-21 ஒரே ஏவுகணையால் வீழ்த்தியது. பதினாறு பேர் போனார்கள். பெரிய, மெதுவான விமானம் போர் விமானத்தின் பார்வையில் பட்டால் கதை அதோடு முடிந்தது. இந்த யோசனையை நான் ஒதுக்கிவிடுகிறேன்.

ஆளில்லா விமானமான எம்.க்யூ-9பி பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் 31 வாங்க ஒப்பந்தம் ஆனது, 15 கடற்படைக்கு. முப்பது மணி நேரம் பறக்கும், ஹெல்ஃபயர் ஏவுகணை தூக்கும். படகுக்கும் கடற்கொள்ளையருக்கும் சரி. ஏமனில் இதன் மூத்த வகை எத்தனையோ வீழ்ந்துவிட்டது. போர்க்கப்பலை நெருங்க அனுப்புவது வீண். ஆனால் பன்னிரண்டு பி-8ஐ-யின் வழக்கமான ரோந்துச் சுமையை இது இறக்கிவைக்கும், அதுதான் இதன் பெரிய மதிப்பு.

நம் ஊருக்கு இதில் என்ன? 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சேலமும் ஒன்று. ஹார்பூனோ எல்ராஸ்மோ வாங்கினால் இங்குள்ள பட்டறைக்கு ஒரு திருகாணி வேலைகூட வராது. 2022 மே 18-இல் சீ கிங் ஹெலிகாப்டரிலிருந்து சோதித்த நம் சொந்தக் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை போன்றவை பெருகினால்தான் வரும். அதன் நீண்டதூர வகைகளை ஏற்றப் பொருத்தமான இடம் பி-8ஐ இல்லை, கடற்படைக்கு ஒன்பதும் கடலோரக் காவல்படைக்கு ஆறுமாகத் திட்டமிட்டிருக்கும் சி-295 ரோந்து விமானம்தான். அதன் உள்கருவிகளை நாமே இணைப்பதால், ஆயுதத்தை மாட்ட யாரிடமும் கையேந்த வேண்டாம்.

அப்போ பி-8ஐ-க்கு என்ன செய்யலாம்? அதன் உண்மையான வேலை நீர்மூழ்கி வேட்டை. டார்பிடோ போட உயரத்திலிருந்து இறங்கி வந்து, முடிந்ததும் மறுபடி ஏறுவதில் எரிபொருளும் நேரமும் கரைகின்றன. அமெரிக்கா எம்.கே.54-க்கு இறக்கை மாட்டி, மேலிருந்தே நழுவவிடும் கருவியைச் செய்திருக்கிறது. நான் முதலில் கேட்பது அதைத்தான். அடுத்தது, தெற்குக் கடலுக்குப் போகும் சில விமானங்களுக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு நீண்டதூர ஏவுகணை. சுகோய் எட்டாத இடத்துக்கு வேறு வழியில்லை. மிச்சப் பணம் இருந்தால் ஏவுகணைக்குப் போகக் கூடாது. 2021-இல் அமெரிக்கா 2.42 பில்லியன் டாலர் மதிப்பில் அனுமதித்த இன்னும் ஆறு பி-8ஐ இருக்கிறதே, அதற்குப் போகட்டும். தம்பி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை; ஆறு விமானத்தின் காசுக்கு எத்தனை ஏவுகணை வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.